நான் உட்கார்ந்தால் வரும் சீட்டு

ஞாயிறு இரவு

இன்று நடந்ததை உள்ளபடியே எழுதப்போகிறேன்.

ஞாயிறுதோறும் அப்பாவும் அவரோடு வேலை பார்க்கும் கப்பலூர் கம்பெனி நண்பர்களும் எங்கள் வீட்டு ஹாலில் அஞ்சு, பத்து ரூபாய் வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடுவார்கள். ஒருமுறை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்பா தொடர்ந்து ஜெயித்தார். அன்றிலிருந்து நான்தான் அவருடைய ராசி. ஒவ்வொரு சீட்டையும் என்னிடம் காட்டிக் கிசுகிசுப்பார். மற்ற நாட்களில் என்னோடு பேச அவருக்கு நேரமில்லை.

இன்று வரிசையாகத் தோற்றார்.

“என்ன மாப்ள, பாப்பா ராசி மாறிருச்சா?” என்று கூட ஆடிய செல்வம் மாமா கேலி செய்தார்.

“நான் உக்காந்திருக்கிறது சீட்டுக்கு எப்படி மாமா தெரியும்? ஜெயிக்கிறதும் தோக்கிறதும் மாறி மாறித்தான் வரும்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“நீ உள்ள போயிப் படிம்மா,” என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

அறைக்குள் வந்து புத்தகத்தைத் திறந்தேன். அடுத்த ஆட்டத்திலேயே அப்பா ஜெயித்துவிட்டார்.

“பாத்தியா மாப்ள! அம்புட்டும் எனக்குத்தான்!” என்று அவர் கத்தியது கேட்டது.

அது தற்செயல் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அவர் தோற்றால் என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தோற்கவில்லை.

நண்பர்கள் போய்விட்டார்கள். அப்பா ஹால் விளக்கை அணைத்துவிட்டார்.