அக்கா பெயரில் ஒரு கையெழுத்து

கச்சிராயபாளையம்
9.7.2024, இரவு

என் அன்பு அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் பெண்ணுக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. நீ முகவரி எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய தாளை, மனப்பாடம் செய்துவிட்டு அன்றே கிழித்துவிட்டேன். என் கூடப் படிக்கும் ஜன்னதுல் பிர்தௌஸ்தான் இதைத் தபாலில் போடுவாள். பதிலையும் அவள் வீட்டுக்கே அனுப்பு. என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ நலம்தானே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அம்மா உன் லேப்டாப் இருந்த மேசையைத் தினமும் துடைக்கிறாள். உன் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

விஷயம் இதுதான். வருடா வருடம் உன் வருமான வரிக் கணக்கைப் போடும் தீனதயாளன் நேற்று வீட்டுக்கு வந்தார். நான் சமையல்கட்டில் இருந்து கேட்டேன்.

"பாப்பாவோட ரிட்டன இந்த மாசக் கடைசிக்குள்ள போட்டாவணும்ங்க. அது இருந்தாத்தான் டிராக்டர் லோன்ல அவங்க பேரையும் சேப்பாங்க" என்றார் அவர்.

"கம்பெனி பெங்களூருல கீது. வரிய அங்க கட்டணுமா, இங்க கட்டணுமா?" என்று அப்பா கேட்டார்.

"அதெல்லாம் எங்கிருந்தும் போடலாம். பாஸ்வேர்டு என்கிட்ட கீது. ஓடிபி உங்க போனுக்குத்தான வருது? பாப்பா வரவே வாணாம். லோன் ஃபாரத்துல கையெழுத்துக்குத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல."

அப்பா சிரித்தார். "சின்னவ போடுவா. ரெண்டு பேரு எழுத்தும் ஒண்ணுதான். அவ வேல செஞ்சது என் வூட்டுல, என் கரண்டுல. அப்ப அவ கணக்கு என் கணக்குதான்."

அக்கா, உன் ரெக்கார்டு நோட்டை எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? உன் கையெழுத்தை நான் போட்டால் நீயே கண்டுபிடிக்க மாட்டாய். கடன் அப்பா பெயரிலும் உன் பெயரிலும் சேர்ந்து வரும். நீ எங்கே போனாலும் அது உன் பின்னாலேயே வரும்.

அப்பா குளிக்கப் போகும்போது அவர் போனை எடுத்து ஓடிபியைப் பார்த்து உனக்குச் சொல்லட்டுமா? மாட்டினால் அடிதான். ஆனாலும் செய்வேன்.

உன்
தனுஷா


ஊர்ப் பெயர் வேண்டாம்
14.7.2024

தனுக்குட்டிக்கு,

அப்பா போனைத் தொடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஓடிபி போவது ஆதாரில் இருக்கும் போன் நம்பருக்குத்தான்; அதை மாற்ற என் விரல் ரேகை போதுமாம். நேற்றே தபால் ஆபீசுக்குப் போய்விட்டேன். அங்கே ஆதார் வேலை பார்க்கும் அம்மாள், "பழைய நம்பர் யாருது?" என்று கேட்டார். "அப்பாதுங்க" என்றேன். "நல்லாத்தான இருக்கு, ஏம்மா மாத்தற?" என்றார். "சம்பளம் எனக்கு வருதுங்க" என்றேன். விரலை வைக்கச் சொன்னார். நம்பர் மாறியதும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு ரிட்டனை நானே போட்டுவிடுவேன்.

கம்பெனி பெங்களூரில் இருப்பதால் மாதாமாதம் என் சம்பளத்தில் தொழில் வரி என்று கர்நாடகத்துக்குக் கொஞ்சம் பிடிக்கிறார்கள். அது வேறு. வருமான வரி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும் இங்கே உட்கார்ந்து செய்தாலும் அந்தக் கணக்கு என் பெயரில்தான். வீட்டுக் கரண்டு பெயரில் இல்லை என்று அப்பாவிடம் யார் சொல்வது!

ரிட்டனில் முகவரி என்ற இடத்தில் இந்த விடுதியின் முகவரியைத்தான் எழுதப் போகிறேன். நான் ஒளிந்துகொள்ளவில்லை தனு. வேலைக்கு வந்திருக்கிறேன். போன வருடம் போர்வெல் போட்ட கடனில் நான் போட்ட கையெழுத்துதான் இன்றுவரை என் சம்பளத்தைத் தின்கிறது. இன்னொன்று என்னால் முடியாது. அதனால்தான் கிளம்பினேன். உன்னிடம் சொன்னால் உன்னை அடித்துக் கேட்பார்கள் என்றுதான் சொல்லவில்லை.

உன்னைப் போடச் சொல்லும் கையெழுத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டில் இருப்பவள் நீ. பயந்து போட்டுவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது. இதை மட்டும் நம்பு.

முத்தங்களுடன்
ஷாலினி


கச்சிராயபாளையம்
24.7.2024, இரவு

அக்கா,

உன் கடிதம் வந்தது. இன்று பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார், தீனதயாளன் கடைக்கு.

"பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதுங்க. பரவால்ல, ஓடிபி கேக்கறன்" என்றார் அவர்.

ஓடிபி வரவில்லை. அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பிறகு ரோட்டுக்கே போனார். "டவரு இல்ல போல" என்று அங்கிருந்தே கத்தினார். பஸ்காரன் ஹாரன் அடித்ததும்தான் ஓரத்துக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தீனதயாளன் திரையைக் குனிந்து பார்த்தார். "கடைசி நாலு நம்பரு உங்களுது இல்லீங்களே. பாப்பா மாத்திட்டாங்க போலகீதே. ரிட்டனும் போட்டிருப்பாங்க."

அப்பா என்னையே பார்த்தார். "நீ சொன்னியா?"

நான் திரையில் இருந்த அந்த நாலு நம்பரைப் படித்தேன்.

"சரி, உடு. போன வருச ரிட்டனக் குடுத்துப் பாக்கலாம். இவ கையெழுத்தப் போடட்டும்" என்றார் அப்பா.

பேங்க் ஃபாரத்தை என் முன்னால் வைத்தார்கள். உன் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பேனாவை எடுத்தேன். 'ஷாலினி' என்று நீ போடும் கையெழுத்தின் அந்த வால் சுழிப்பு என் விரலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தனுஷா என்று எழுதினேன். பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகும்படி.

"இன்னாடி இது?"

"என் பேருப்பா."

"உங்கக்கா பேர இல்ல போடச் சொன்னன்?"

"அக்கா பேர அக்காதாம்பா போடணும்."

தீனதயாளன் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பொண்ணு சொல்றதும் சரிதானுங்க. மாட்டுனா எனக்கும் சேத்துத்தான் வினை" என்று முனகினார். கடையில் ஆட்கள் இருந்ததால் அப்பா கையை ஓங்கவில்லை. வரும் வழி முழுவதும் வண்டியை விரட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "நாளைலருந்து இவ ஸ்கூலுக்குப் போவ வாணாம். வேற ஃபாரம் வாங்கியாறேன். போடற வரைக்கும் வூட்டுலயே கெடக்கட்டும்."

வாங்கி வரட்டும். எத்தனை வாங்கி வந்தாலும் என் பெயரைத்தான் எழுதுவேன். பள்ளிக்கூடத்துக்கும் போவேன். நான் வரவில்லை என்றால் பிர்தௌஸ் எங்கள் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாள். சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று அப்பா என்னை எழுத வைத்து, என் எழுத்தில் கடிதம் வந்தால் நம்பாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். சற்று முன் சோறு கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டு, "அவ நல்லா கீறாளாடி?" என்று மெதுவாகக் கேட்டாள். முதல் தடவையாக.

"கீறாம்மா" என்றேன்.

அப்பா கதவைத் தட்டுகிறார். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். இதை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடுகிறேன், பிர்தௌஸ் காலையில் என்னைக் கூப்பிட வரும்போது எடுத்துக்கொள்வாள். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும் கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தே சொல்லப்போகிறேன், என் பெயரைத்தான் எழுதுவேன் என்று.