அவருக்குத் தண்ணீர் கொடுக்காதே

அண்ணா,

மாலைச் சட்ட வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். நகராட்சியிலிருந்து நம் குழாயைப் பார்க்க அதே அதிகாரி வருவார். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இந்த முறை அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்காதே.

போன தடவை கீழ்வீட்டு அக்காவிடம் வாங்கிவந்த தண்ணீரைச் சொம்பு நிறைய நீட்டினாய். மனிதர் குடித்து, ஏப்பம் விட்டு, "இவ்வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். நம் புகார் அவர் வயிற்றிலேயே ஜீரணமாகிவிட்டது.

"உரிமை பேசினா குடம் நிறைஞ்சிடுமா, வக்கீலம்மா?" என்று நேற்று கத்தினாய். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் போதிய தண்ணீர் தருவது நகராட்சியின் கடமை, தயவு இல்லை. வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

தாகம் என்றால் குழாயைக் காட்டு. அவரே திறந்து பார்க்கட்டும். இருமினாலும் இளகிவிடாதே.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. தட்டு கழுவத் தண்ணீர் இல்லை, சட்டியிலேயே சாப்பிடு.

பி.கு.: உனக்கு ஒரு குடம் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் போன பிறகு எடு.

இன்னொன்று: ரொம்பவும் இருமினால் ஒரு மடக்கு கொடு. ஆனால் முதலில் "தண்ணீர் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.