அலுங்காமல் போய்வந்த கருவி

அத்தான்,

இன்று காலை வடகரையில் ஒரு தேங்காய் லாரியில் அதிர்வு அளக்கப் போயிருந்தேன். சக்கரத்திலிருந்து கிளம்பி டிரைவரின் முதுகுக்கு ஏறுகிற ஆட்டத்தை அளக்கிற ரப்பர் வட்டு, தோசை அகலத்துக்கு இருக்குமே, அதைச் சீட்டில் போட்டு, "இதுமேல உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மனசில்லாமல் உட்கார்ந்தார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் செங்கோட்டையிலிருந்து மலைப்பாதை வழியாகக் கொல்லத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போனீர்கள். சொந்த லாரி. அதைத் துடைக்கிற துணியைக்கூட வேறு ஆள் தொடக்கூடாது. நான் இந்த அளக்கிற வேலையில் சில வருஷம் பழகியிருந்தபோது உங்களுக்கு முதுகுவலி தொடங்கியது. "ஏட்டி, லோடு இறக்கிட்டுக் காலியா வாரப்ப நடுமுதுகுல சம்மட்டியால அடிக்க மாதிரி இருக்கு. ஒம் மெஷின வச்சுக் கொஞ்சம் பாரேன்" என்றீர்கள்.

நான் கூட வந்திருக்க வேண்டும். ஆனால் சாரல் சமயம். சென்னையிலிருந்து வந்த தோழிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிற அவசரம். வட்டை உங்கள் கையில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டச் சொன்னேன். "இதுமேலயா?" என்று கேட்டீர்கள். "பின்ன, தலையிலயா வப்பாங்க?" என்று சிரித்துவிட்டு அருவிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வட்டில் பதிவானதைக் கணினியில் பார்த்தால் அதிர்வு மிகக் குறைவு. அந்த மலைப்பாதையில், பாரமில்லாமல் துள்ளுகிற காலி லாரிக்கு, அவ்வளவு குறைவாக வரவே வராது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூடச் சந்தேகப்பட்டிருப்பாள். எனக்கு ஒரு எண் கிடைத்தது, போதும் என்று இருந்துவிட்டேன். "லாரில ஒண்ணும் இல்ல அத்தான். நீங்க உக்காருத விதந்தான் சரியில்ல" என்றேன். "அப்படியா? அப்பச் சரி" என்று போய்விட்டீர்கள்.

அடுத்த சாரலுக்குள் உங்களால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. லாரியை விற்றீர்கள். வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போன அன்று, நீங்கள் வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள், எங்கும் போகிற வேலை இல்லாமல். போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பதினாறாம் நாள் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னாள். "அதுமேல எப்படிட்டீ உக்காருவாரு? ஆயுத பூசைக்கு ஸ்பேனருக்கே சந்தனம் வைக்க மனுசன். நீ படிச்சு வாங்குன சாமானுல்லா? பக்கத்துச் சீட்டுல போர்வைய நாலா மடிச்சு, அதுமேல வச்சுக் கொண்டுபோனாரு. அலுங்காமக் கொண்டாந்துட்டேன்னு அம்புட்டு சந்தோசம்."

நான் அளந்தது போர்வையை. முதலில் உங்கள்மேல்தான் கோபம் வந்தது அத்தான், பொய் சொல்வானேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மறுபடி அளந்து, கேபினுக்கு அடியில் அதிர்வைத் தாங்குகிற நைந்துபோன ரப்பர்களை மாற்றி, ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்கிற சீட்டு ஒன்றைப் போட்டிருந்தால், நீங்கள் இன்னும் சில வருஷம் ஓட்டியிருப்பீர்கள்.

"வலிக்குன்னு அவரு அப்புறம் சொல்லவே இல்லியேக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லுவாரு. ஒடனே, 'அவதான் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டால்லா, நமக்குத்தான் பிரமை'ன்னு தைலத்தத் தேச்சுக்கிட்டு வண்டியெடுக்கப் போயிருவாரு" என்றாள்.

சொந்த முதுகை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறீர்கள். இப்போது எந்த லாரியானாலும் நானும் ஏறிக்கொள்கிறேன். எங்கே வலிக்கிறது என்று டிரைவர் சொல்வதைத்தான் நோட்டில் முதலில் எழுதுகிறேன். எண் அதற்கு ஒத்துவராவிட்டால் மறுபடி அளக்கிறேன். அப்போதும் வராவிட்டால் இன்னொரு தடவை. உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் அளந்தேன் அத்தான்.