தொப்புளில் ஒரு வழி

டாக்டர்,

இன்று மதியம் அலுவலகக் கழிப்பறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றேன். கையில் தேய்த்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் அறை நினைவுக்கு வந்தது. தொப்புள் துளைக்குள் ரப்பர் குழாயைச் செலுத்தினேன். சிறுநீர் வடிந்தது. உள்ளாடை காய்ந்தே இருந்தது.

நீங்கள் செத்துப்போனது என் கோபத்தைக் குறைக்கவில்லை.

பிறவியிலேயே எனக்குச் சிறுநீர்ப் பாதை அடைபட்டிருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே அடிவயிற்றில் துளை போட்டு என் கிட்னியைக் காப்பாற்றியது நீங்கள்தான். மறுக்கவில்லை. "தற்காலிகம்தாம்மா" என்றீர்கள். அந்தத் துளை நாள் முழுக்க ஒழுகியது. பள்ளிக்கும் இடுப்பில் துணி கட்டிக்கொண்டுதான் போனேன். "ஏய் நல்கா, பந்த் கர்" என்பார்கள் பையன்கள். குழாயை மூடுடா என்று.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்த இந்திக்கார டாக்டரம்மாவிடம் கூட்டம் குறைவு. அம்மா போகமாட்டாள். பிழைக்க வந்த வடநாட்டில் நம்ம பாஷை பேசுகிறவர் என்று உங்கள் வரிசையில்தான் நிற்பாள். குடல்வாலை வைத்துத் தொப்புளுக்கு ஒரு வழி அமைத்தால், வேண்டும்போது குழாய் போட்டு வடித்துக்கொள்ளலாம், துணியே வேண்டாம் என்று வார்டில் யாரோ சொல்ல, உங்களிடம் வந்து கேட்டாள்.

"வீட்ல பாத்ரூம் இருக்கா?"

"கேம்ப்ல ஏது டாக்டர்? அத்தனை குடிசைக்கும் பொதுக் கக்கூசுதான்."

"அப்ப வேணாம். சுத்தமில்லாம குழாய் போட்டா சீழ் வச்சிடும்."

"நாலு வீட்டு பாத்ரூம நான்தான் கழுவுறேன். எனக்கா சுத்தம் தெரியாது?"

சிரித்தீர்கள். "உனக்குத் தெரியும்மா. உன் கேம்ப்புக்குத் தெரியணுமே."

நான் அங்கேயே நின்றிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். அன்றும் சரி, அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் சரி.

நீங்கள் செத்த பிறகு எங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "துஜே க்யா சாஹியே, பேட்டா?" உனக்கு என்ன வேணும் என்று. எனக்கு மீசை முளைத்திருந்தது. இருந்தும் அழுதேன். "காய்ஞ்சு இருக்கணும்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. அம்மா அதை இந்தியில் சொன்னாள். வழி அமைத்துக் கொடுத்தது அவர்தான்.

கேம்ப்பை இடித்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே கொடுத்த ஃபிளாட்டில், நீங்கள் கேட்ட பாத்ரூம் இருக்கிறது. தண்ணீர்தான் வருவதில்லை. லாரித் தண்ணீரைப் பிடித்து, கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாட்டிலில் அடைத்துத் தருகிறாள் அம்மா. அந்தப் பாட்டிலும் ரப்பர் குழாயும் எப்போதும் என் பையில் இருக்கின்றன.

இதுவரை சீழ் வைக்கவில்லை, டாக்டர்.