சின்ன ஸ்கோப்பை எடுங்கோ

மிட்சம், லண்டன்

அன்புள்ள கௌரிக்கு,

நீரும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமது முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே. போனில் சொன்னால் என் குரலைக் கேட்டுப் பயந்துவிடுவீர் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் துவக்குக் கடைக்கு, கிங்ஸ்பரியில் வியாபாரம் செய்யும் சச்சிதானந்தன் அண்ணை போன மாசியில் வந்தார். ஆபிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறாராம். துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்பில், தூரத்தில் நிற்பதை ஆகப் பெரிதாக்கிக் காட்டும் பெரியதைக் கேட்டார்.

“அண்ணை, எருமை பற்றைக் காட்டுக்குள்ள கிட்டத்தான் நிக்கும். பெரிசில பார்த்தா வெறும் கறுப்புத் தோல்தான் தெரியும். சின்னதை எடுங்கோ,” என்றேன்.

“எனக்குச் சின்னதோ?” என்று சிரித்தார். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெரியதையே பூட்டிக் கொடுத்தேன்.

நேற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. முதல் வெடி பிழையான இடத்தில் பட, எருமை பாய்ந்து வந்ததாம். கிட்ட வர வர ஸ்கோப்பில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். முன்னால் நடந்த வழிகாட்டியை அது முட்டிவிட்டது. அந்த மனிதர் இனி நடக்க மாட்டாராம்.

“இன்னொருக்காச் சொல்லியிருக்கலாமே, தம்பி,” என்றார் அண்ணை. கோபமில்லாமல்தான் சொன்னார்.

சொல்லியிருக்கலாம், கௌரி.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். உமது பழைய சேலை ஒன்றும் வையும், இங்கே குளிர், போர்த்திக்கொள்ளலாம். தோய்க்க வேண்டாம், அப்படியே அனுப்பும்.

பஸ் வருகிறது.

உமது,
துஷாந்தன்