வடக்குப் பக்கத்துக் கூரை

தார்ன்பி,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை கிரெய்க் அவர்களுக்கு,

மாமா வில்ஃப்ரெட் எழுதுகிறேன். நார்வேயில் இந்நேரம் குளிர் பிடித்திருக்கும். கப்பல் பட்டறை வேலை உங்கள் உடம்பைப் படுத்தாமல் இருக்க வேண்டும். இங்கே என் மகள் லின்சி நலம். பேத்தி எடித்துக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஓட்டை வழியாக நாள் முழுவதும் விசில் அடித்து என் உயிரை வாங்குகிறாள்.

இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். நீங்கள் போன் செய்தால் உங்கள் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். நான் பேச வேண்டியதை அடுப்பங்கரை முழுக்கக் கேட்கும்படி பேச முடியாது.

கோடையில் எனக்காகக் கொண்டு வந்த ஈயத் தகடுகளைப் பற்றித்தான். பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இடித்தபோது கிடைத்தவை என்று சொன்னீர்கள். நன்றி சொன்னேன், நினைவிருக்கும். குறி பார்த்துச் சுடும் எங்கள் கிளப்பின் பழங்காலத் துப்பாக்கிகளுக்குக் குண்டு வார்க்க மெத்தென்ற ஈயம்தான் வேண்டும். கார்ச் சக்கரத்து எடைக்கட்டிகளை உருக்கினால் குண்டு கல்லாகிவிடும். எண்ணெய்த் துணி சுற்றிக் குழலின் வாய்வழியாக இடித்து இறக்கினால் பாதிக் குழலில் சிக்கிக்கொண்டு உயிரை எடுக்கும். உங்கள் தகட்டில் நகத்தை வைத்தேன், பள்ளம் விழுந்தது. ஒரு பக்கம் பழங்கால முறையில் மணலில் வார்த்த சொரசொரப்பு. இப்படிப்பட்ட தகட்டைப் பள்ளிக்கூடத்துக்கு யார் போட்டார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். இலவசமாக வந்த சந்தோஷத்தில் கேட்கவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து குண்டுகளை வார்த்துத் தள்ளினேன். உருகிய ஈயத்தில் மெழுகைப் போட்டு அழுக்கை வழித்தால் அடியில் கண்ணாடி மாதிரி ஈயம். அச்சைத் திறந்தால் ஒரு குண்டிலும் சுருக்கம் கிடையாது. கிளப்பில் டெஸ்மண்ட் ஒன்றை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, வெண்ணெய்ய வச்சா சுடுறே?" என்றான். அன்றைய போட்டிக் கோப்பையும் எனக்குத்தான் வந்தது. அது முன்னறையில் இருக்கிறது. லின்சி தினமும் துடைக்கிறாள்.

வறண்ட கோடைக்குப் பிறகு, தேவாலயத்தில் அறுவடைப் பண்டிகை ஆராதனையின்போதுதான் முதல் பெருமழை கொட்டியது. பாடிக்கொண்டிருந்தபோதே வடக்குப் பக்கத்து இருக்கைகளில் தண்ணீர் ஊற்றியது. காணிக்கையாக வைத்திருந்த பூசணிக்காய்களுக்கு நடுவே வாளிகளை வைத்தோம். பாதிரியார் அம்மா ஹிலரி கூரைமேல் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம் முழுவதும் வெறும் பலகை. கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகட்டை உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எந்தப் பூட்டும் உடையவில்லை. கூரைக்கு மணிக்கோபுரம் வழியாகத்தான் ஏற முடியும்; ஆகையால் கோபுரச் சாவி வைத்திருந்தவர்களைத்தான் விசாரித்தார்கள். ஒன்று என்னிடம், அடுப்பங்கரை ஆணியில். இன்னொன்று மழைநீர்க் குழாயைப் பழுது பார்த்த போலந்துக்காரர் ஆர்டூரிடம். ஊர்க்கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்கள். சாவி ஆணியை விட்டு நகரவில்லை என்றேன். மணி அடிக்கும் குழுவில் நாற்பது வருடம் இருந்தவன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எல்லார் தலையும் ஆர்டூர் பக்கம் திரும்பியது.

நான் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. குழந்தைக்கு மணிகளைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று நீங்கள் ஜூலையில் சாவியை எடுத்துப் போனது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. வீட்டு ஆள் எடுத்தால் அது வெளியே போனதாக யார் நினைப்பார்கள்? வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. எடித்திடம், எந்த மணி உனக்குப் பிடித்தது என்று சாதாரணமாகக் கேட்டேன். "அப்பா என்னைக் கூட்டிட்டே போகலையே தாத்தா" என்றாள்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. கொட்டகைக்குப் போய்க் கடைசித் தகட்டுச் சுருளைப் பிரித்தேன். அதில் ஒரு காலணியின் வரைகோடு. சின்னக் கால். உள்ளே எம்.ஏ. என்ற எழுத்துகளும் வருடமும்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோபுரத்துக்கு ஏறுகிறவர்கள் கூரை ஈயத்தின் மேல் நின்று காலைச் சுற்றி ஆணியால் கீறுவது இங்கே பழைய பழக்கம். ராணியின் வெள்ளிவிழாவுக்கு மணி அடித்துவிட்டு நாங்கள் மேலே போனோம். மேவிஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூச்சம் தாங்காமல் சிரித்தாள். கீறியது நான்தான். உங்கள் மாமியாரின் கால் அது.

அன்றிலிருந்து நான் கொட்டகைக்குள் அடைபட்டவன் மாதிரி இருக்கிறேன். அந்தத் தகட்டை உருக்கக் கை வரவில்லை, வெளியே காட்டவும் வழியில்லை. மேலே சாக்கைப் போட்டு மூடி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்மண்ட் தனக்கும் கொஞ்சம் குண்டு கேட்டு நச்சரிக்கிறான். பாதிரியார் அம்மா கூரை நிதிக்குக் கேக் விற்க வந்தார். அவரைக் கொட்டகைப் பக்கம் விடாமல் வாசலிலேயே மறித்து நின்று இரண்டு கேக் வாங்கினேன். எல்லாவற்றையும்விட லின்சிதான் என்னைக் கொல்கிறாள். "அப்பாவுக்காக எங்கெங்கேயோ தேடி அலைஞ்சு வாங்கியாந்தாரு. என் பிறந்தநாள்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

நேற்று ஆர்டூர் வந்தார். அவருக்குக் கொடுத்திருந்த வேலைகளை ஊரார் ஒவ்வொருவராக ரத்து செய்துவிட்டார்களாம். வண்டியில் யாரோ திருடன் என்று பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். அதைத் துணி போட்டு மறைத்துத்தான் ஓட்டி வந்தார். தேநீரைத் தொடவில்லை. "நான் நல்லவன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா இந்த ஊரு கேக்கும்" என்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த ஆணி நேராகத் தெரியும். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது.

யாரோ உங்களை ஏமாற்றி விற்றிருப்பார்கள் என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. கஷ்டம் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. மீதியை எங்கே விற்றீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குக் கொடுத்தது பாசத்தில்தான் என்று இன்னமும் நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எழுந்து நிற்பேன். சாவி ஆணியை விட்டுப் போயிருந்தது, ஈயம் என் கொட்டகையில் இருக்கிறது, ஆர்டூர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த மூன்றையும் சொல்வேன். யார் எடுத்தது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். ஊர் என்னைத் திருடன் என்று சொன்னால் சொல்லட்டும். இந்த வயதில் யாரும் ரத்து செய்வதற்கு என்னிடம் வேலை எதுவும் இல்லை.

ஆனால் லின்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் சாவியை எடுத்தபோது அவளும் அடுப்பங்கரையில்தான் இருந்தாள். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அவளுக்கு அது அப்படித் தெரியக் கூடாது மாப்பிள்ளை. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். விமானச் செலவை நான் தருகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். பிறகு நாம் இருவரும் சேர்ந்தே எழுந்து நிற்கலாம்.

கடவுள் உங்களைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வரட்டும். எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
மாமா வில்ஃப்ரெட் ஆட்கின்