மூன்று மீட்டருக்கு அப்பால்

மார்ச் 3
ஒத்திகைப் படங்கள் நூற்று நாற்பது. முப்பத்தொன்று தேறவில்லை. “ஐயா, முகமெல்லாம் புகை மூட்டமா இருக்கே” என்றார் நாடக இயக்குநர். பணிவாகத்தான் சொன்னார். அந்தப் பணிவுதான் குத்துகிறது.

லென்ஸ் 135 மி.மீ., தூரத்து முகத்தைக் கிட்டே இழுப்பது. இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளும். ஆனால் மூக்கு தெளிந்தால் காது கரையும். மேடை விளக்கு மங்கினால் ஃபோகஸ் கிட்டத்து எல்லைவரை ஓடி, திரும்பி வருகிறது. அதற்குள் அந்த முகம் போய்விடுகிறது.

லென்ஸ்தானா? இரண்டு வருடம் முன்பு கண் மருத்துவர் புரை தொடங்குகிறது என்றார். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 4
மாப்பிள்ளை வந்தார். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்சைக் காட்டினார். “இதைத் தள்ளிடுங்க மாமா. மூணு மீட்டருக்குள்ள தேடவே தேடாது. மேடை ஏழு மீட்டர்ல இருக்கு. அது எதுக்கு உங்க மடி வரைக்கும் வந்துட்டுப் போகணும்?”

“யாரும் சொல்லித் தராம நாப்பது வருஷம் படம் எடுத்தவன் நான். லென்ஸுக்கு வேலி போடத் தெரியாது.”

“லென்ஸ்கிட்டகூடவா வீம்பு?” என்றாள் மகள்.

மார்ச் 5
தள்ளவில்லை.

மார்ச் 7
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். சுவிட்சைத் தள்ளியும் படம் கலங்கினால், குற்றம் கண்ணுடையது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பயம்.

மார்ச் 9
ஒத்திகையில் யாரும் பார்க்காதபோது தள்ளினேன். லென்ஸ் அலையவில்லை, அழுத்தியதும் பிடித்தது. நூற்று அறுபதில் நான்கே பழுது. மாப்பிள்ளையிடம் சொல்லமாட்டேன். தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மார்ச் 14
முதல் காட்சி நாள். முடிந்தது. எல்லாம் முடிந்தது.

கடைசிக் கட்டத்தில் நாயகி படியிறங்கி முன்வரிசைக்கே வந்துவிட்டாள். ஒத்திகையில் இல்லாதது. என் எதிரில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அவள் கண்ணில் நீர் நிறைந்து நிற்கிறது. அழுத்தினேன் — பனி. மறுபடி — பனி. அழுத்திக்கொண்டே இருந்தேன். ஐயோ, கண்ணு போச்சா? இவ்வளவு கிட்டத்துல நிக்கிற பொண்ணு முகம்கூடத் தெரியலையே!

திரை விழுந்ததும் இயக்குநரிடம், “என் கண்ணு போச்சு தம்பி, வேற ஆளைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதிலுக்கு நிற்கவில்லை. மனைவியிடம் தலைவலி என்றேன்.

மார்ச் 15
கேமராவை மூட்டை கட்ட எடுத்தேன். துடைக்கும்போது விரலில் இடறியது. சுவிட்ச். மூன்று மீட்டரிலேயே நிற்கிறது!

அவள் நின்றது ஒன்றரை மீட்டரில். லென்ஸ் எப்படிப் பிடிக்கும்? பூட்டியது நான், மறந்தது நான். சத்தமாகச் சிரித்தேன், மனைவி ஓடிவந்து, “தலைவலி மூளைக்குப் போயிடுச்சா?” என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றது. என் வாயாலேயே என் இடத்தைக் கொடுத்துவிட்டேனே. போய்க் கேட்பதா? நானா?

மார்ச் 18
மூன்று நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். தொலைபேசியில் இயக்குநரிடம் சொன்னேன்: “கண்ணு இல்ல. சுவிட்ச்.”

“புதுசா ஒருத்தரை வரச் சொல்லிட்டேனே ஐயா.”

“வரட்டும். முன்வரிசை ஓரம் என்னோடது.”

“சரிங்க ஐயா” என்றார்.

மார்ச் 20
புதியவர் பால்கனியில், நான் என் இடத்தில். நாயகி முதல் படியில் கால் வைத்ததும் கட்டைவிரலால் சுவிட்சைத் திறந்துவிட்டேன். ஒருமுறை தடுமாறியது, பிடித்தது. ஏழு படங்கள்.

மார்ச் 21
காலையில் அந்த ஏழு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இமையோரத்துத் துளி தெளிவாக இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்காலியை நகர்த்தியும் பார்த்தேன்.

மனைவியைக் கூப்பிட்டேன்.

“ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாத் தெரியுதுங்க” என்றாள். பிறகு படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

திங்கள், பத்து மணி. கண் மருத்துவர். அவளும் வருகிறாள்.